விசுவாசத்தில் செக் கொடுக்கலாமா?



இந்த மாதம் ஒரு சின்னக் காகிதத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். அது நம் வீட்டு பீரோவில் இருக்கிற செக் புத்தகத்தின் ஒரு தாள். "இதெல்லாம் ஆவிக்குரிய விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். நான் பல வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "ஐயா, செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு, என்ன பண்றதுன்னே தெரியல" என்று மெதுவாக என் காதில் சொல்லுகிற விசுவாசிகள் ஒருவர் இருவர் அல்ல. அவர்கள் இரவில் தூங்குவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தாலும் மனம் ஜெபத்தில் நிற்பதில்லை. ஆகவே இது ஆவிக்குரிய விஷயந்தான்.

ஒரு தம்பி வந்தார். பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்து, இரண்டு மாதம் தள்ளித் தேதி போட்டு ஒரு செக் கொடுத்திருக்கிறார். தேதி வந்தது, பணம் வரவில்லை. செக் திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீசும் வந்துவிட்டது. அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, நான் ஏமாத்தணும்னு கொடுக்கல. ஜெபம் பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தேதிக்குள்ள கர்த்தர் தருவார்னு முழு விசுவாசம் இருந்துச்சு. விசுவாசத்துல செஞ்சது எப்படிக் குற்றமாகும்?"

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது சட்டத்தின்படி குற்றமா என்பது ஒன்று. இது தேவனுடைய பார்வையில் தவறா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

செக்கைப் பற்றிய நம் நாட்டுச் சட்டம் 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். நூறு வருஷத்துக்கும் மேலாக, செக் திரும்பினால் அது வெறும் கடன் விவகாரமாகத்தான் இருந்தது. ஏமாற்றும் நோக்கத்தோடு கொடுத்தார் என்று நிரூபித்தால் மட்டுமே கிரிமினல் வழக்கு. 1988-ல் அந்தச் சட்டத்தில் திருத்தம் செய்து 138-வது பிரிவைச் சேர்த்தார்கள். அது 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்று முதல், கொடுக்க வேண்டிய கடனுக்காகக் கொடுத்த செக் கணக்கில் பணம் போதாமல் திரும்பினால், அதுவே தண்டனைக்குரிய குற்றம். முதலில் ஒரு வருஷம் வரை சிறை என்றிருந்தது. 2003 முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனாலும் செக் திரும்பின அன்றே யாரும் குற்றவாளியாகிவிடுவதில்லை. செக் திரும்பின தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், செக் வைத்திருக்கிறவர் எழுத்துமூலமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் தவணை உண்டு. அந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை, வழக்கும் இல்லை. கொடுக்காவிட்டால், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழக்கு அல்ல இது. ஜாமீனில் விடக்கூடிய குற்றந்தான். ஆனால் சம்மன் வந்தும் கோர்ட்டுக்குப் போகாமல் ஒளிந்தால், வாரண்ட் வரும்.

சிலர் நினைக்கிறார்கள்: "பேங்குக்கு எழுதி செக்கை நிறுத்திட்டா போதும்," "அக்கவுண்டையே குளோஸ் பண்ணிட்டா போதும்" என்று. அதுவும் உதவாது. பணம் இல்லாததை மறைக்க இப்படிச் செய்தாலும் 138-வது பிரிவு பாயும் என்று சுப்ரீம் கோர்ட் 1998-லும் 1999-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போஸ்ட்மேனைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் உண்டு. சரியான விலாசத்துக்கு அனுப்பின நோட்டீஸை வாங்க மறுத்தாலும், அது சேர்ந்ததாகவே எண்ணப்படும். "எங்ககிட்டதான் செக் புத்தகமே இல்லையே, மாசத் தவணையை பேங்கே பிடிச்சுக்குது" என்கிறீர்களா? அப்படிப் பிடிக்கப்போகும்போது கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினாலும், 2007-ம் வருஷத்துச் சட்டத்தின் 25-வது பிரிவு ஏறக்குறைய இதே தண்டனையை வைத்திருக்கிறது.

முன்பு செக் போட்டால் கிளியரிங் ஆக இரண்டு நாள் ஆகும். "இன்னிக்கு செக் கொடுப்போம், நாளைக்குப் பணம் கட்டிடுவோம்" என்று ஓட்டினவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 4 முதல் செக்கின் படத்தை அவ்வப்போதே அனுப்பி அன்றைக்கே தீர்க்கிற முறை வந்துவிட்டது. அந்த இடைவெளியும் போய்விட்டது.

கோர்ட்டில் விசுவாசம் பதிலாகுமா?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அதே சட்டத்தில் 140-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. "செக் கொடுக்கும்போது அது திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை, நினைக்கக் காரணமும் இல்லை" என்று சொல்லி இந்த வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று அந்தப் பிரிவு சொல்லுகிறது. பார்த்தீர்களா? நல்ல எண்ணத்தோடு கொடுத்தாரா, கெட்ட எண்ணத்தோடு கொடுத்தாரா என்று சட்டம் இங்கே கேட்பதில்லை. ஆகவே சட்டத்தின் கேள்விக்குப் பதில் தெளிவு. விசுவாசத்தில் கொடுத்த செக்கும் பணமில்லாமல் திரும்பினால், 15 நாளில் கட்டாவிட்டால், குற்றந்தான்.

இது கடினமான சட்டமாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஏமாற்றினவனும் முடியாமல் போனவனும் ஒரே கூண்டில் நிற்க வேண்டுமா? அது நியாயமான கேள்வி. நீதிபதிகளே இதை உணர்ந்திருக்கிறார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயை நாம் அறிவோம். 2021-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வழக்கை அதற்கு நேர்மாறாக வருணித்தது. ஓநாய்த்தோல் போர்த்திய ஆடு இது. வெளியே கிரிமினல், உள்ளே கடன் வழக்கு என்ற கருத்தில் சொல்லியது. பணத்தை உரியவரிடம் சேர்ப்பதுதான் இந்தச் சட்டத்தின் பிரதான நோக்கம். ஆகவேதான் எந்தக் கட்டத்திலும் சமாதானமாகி வழக்கை முடித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகையால் சபையாரே, ஒரு சகோதரன்மேல் செக் வழக்கு இருக்கிறது என்றவுடனே "மோசடிக்காரன்" என்று பெயர் சூட்டாதிருங்கள். மோசடி வேறு. அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் இருக்கிறது. அதற்கு ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். 138-க்கு அது தேவையில்லை. கோர்ட் படி ஏறினவரெல்லாம் பொய்யர் அல்ல.

அப்படியானால் தேவனுடைய பார்வையில்?

பலர் இங்கே, "எண்ணம் நல்லது, ஆகவே தவறில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு செக்கில் என்ன எழுதுகிறோம்? அதில் எழுதியிருப்பது ஜெப விண்ணப்பம் அல்ல. "இந்தத் தேதியில் இவருக்கு இவ்வளவு பணம் கொடு" என்று வங்கிக்கு இடுகிற கட்டளை அது. வாங்குகிறவர் அதை எப்படி வாசிக்கிறார்? "இவரிடம் பணம் இருக்கிறது, அல்லது வருகிற வழி இருக்கிறது" என்று வாசிக்கிறார். அதை நம்பித்தான் மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி அனுப்புகிறார். அதை நம்பித்தான் அவர் வேறொருவருக்குச் செக் கொடுக்கிறார். நம்முடைய செக் திரும்பினால், சில சமயம் அவருடைய செக்கும் சேர்ந்து திரும்புகிறது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "நாளைய தினத்தை யார் அறிவார்? தேதி தள்ளிக் கொடுக்கிற செக் எல்லாமே ஒரு நம்பிக்கைதானே? அப்படியானால் வியாபாரமே செய்யக்கூடாதா?" நல்ல கேள்வி. மாதச் சம்பளக்காரரும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில்தான் செக் கொடுக்கிறார். அது தவறல்ல. ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமான வேலை, கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். இருவரும் கண் திறந்து அந்தச் செக்கைப் பார்க்கிறார்கள். ஆனால் "பணம் எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது, எப்படியாவது வரும்" என்பதை நான் மனதில் வைத்துக்கொண்டு, அதை அவரிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால்? அப்போது என் விசுவாசத்தின் பாரத்தை அவர் தலையில் ஏற்றுகிறேன். அவரிடம் கேட்கவும் இல்லை. அற்புதம் நடந்தால் சாட்சி எனக்கு. நடக்காவிட்டால் நஷ்டம் அவருக்கு. இதை விசுவாசம் என்று எப்படிச் சொல்லுவது?

தவறு எங்கே என்று கேட்டால், நம்பினதில் அல்ல, மறைத்ததில் என்றுதான் சொல்லுவேன். அந்தத் தம்பியிடம் நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, ஆண்டவரிடம் சொன்னதை அந்த வியாபாரியிடம் சொன்னீங்களா? 'கையில காசு இல்ல, வழியும் தெரியல, ஜெபிச்சிட்டிருக்கேன், இந்தச் செக்கை வாங்கிக்கிறீங்களா?'ன்னு கேட்டீங்களா?" அவர் தலை குனிந்தார். "கேட்டிருந்தா சரக்கு கொடுத்திருக்க மாட்டாருங்க ஐயா" என்றார். பிரியமானவர்களே, விடை அங்கே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டார் என்று தெரிந்து கொடுத்த செக், எவ்வளவு ஜெபத்தோடு கொடுத்திருந்தாலும், உண்மையான செக் அல்ல.

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் ஒரு விதவையைப் பார்க்கிறோம். கடன் கொடுத்தவன் அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்துவிட்டான். எலிசா அவளிடம் முதலாவது கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. அவள் ஒளிக்கவில்லை. ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அயல்வீட்டில் வெறும் பாத்திரங்களைத்தான் கேட்டு வாங்கினாள். எண்ணெய் வரும் என்று சொல்லி யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. எண்ணெய் பெருகினபின் அதை விற்று, முதலாவது கடனை அடைக்கவும், மீதியில் பிழைக்கவும் சொல்லப்பட்டாள். அவளுடைய விசுவாசத்துக்காக அயலகத்தார் ஒருவரும் ஒரு காசு இழக்கவில்லை. விசுவாசத்துக்கும் கடனுக்கும் உள்ள உறவை அறிய இந்த ஒரு அதிகாரமே நமக்குப் போதும்.

அப்போஸ்தலனாகிய பவுலும் ஒரு சமயம் கடனுக்குப் பொறுப்பேற்றார். ஒநேசிமு பட்ட கடன் ஏதாகிலும் இருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி பிலேமோனுக்குச் சொல்லி, தானே செலுத்துவதாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். கையெழுத்து என்றால் அதுதான். இனி இந்தப் பாரம் என்னுடையது என்று சொல்லுவது.

காணிக்கைச் செக்

இன்னொரு காரியத்தையும் யோசியுங்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு, கட்டட நிதிக்கென்று ஒரு பெரிய தொகைக்குச் செக் எழுதுகிறார் ஒருவர். அது திரும்பிவிடுகிறது. இதற்கு 138-வது பிரிவில் வழக்குப் போட முடியுமா? முடியாது. சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்குக் கொடுத்த செக்குக்குத்தான் அந்தப் பிரிவு. அன்பளிப்பும் நன்கொடையும் கடன் அல்ல.

எவ்வளவு விசித்திரம்! கொடுக்க மனமிருந்தும் வியாபாரம் நொடித்துப்போன பலசரக்குக்காரரைச் சட்டம் பிடிக்கிறது. கணக்கில் ஒன்றுமில்லை என்று தெரிந்தே சபையார் முன்னிலையில் கை உயர்த்தினவரைச் சட்டம் விட்டுவிடுகிறது. குற்றமும் பாவமும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? கோர்ட் விட்டுவிட்டதால் நான் சுத்தவான் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். கோர்ட் தண்டித்ததால் அவன் கைவிடப்பட்டவன் என்றும் எண்ண வேண்டாம்.

ஊழியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை பணிவோடு சொல்லுகிறேன். கையில் இல்லாததை எழுதிக்கொடுக்கும்படி ஜனங்களை ஏவாதிருப்போமாக.

செக்கை வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு

கொடுத்தவரையே எப்போதும் குறை சொல்லக்கூடாது. வாங்குகிறவரும் நியாயந்தீர்க்கப்படுவார். நம் ஊரில் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் தொகையும் தேதியும் எழுதாத வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கின ஏழையின் செக்கில் பிறகு லட்சக்கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. வேதத்தில் உபாகமம் 24-ம் அதிகாரத்தில், ஏழையின் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது என்ற கட்டளை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் அவன் மாவரைத்துச் சாப்பிட வழியில்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் அப்படித்தான். ஒரு மனுஷனுடைய பிழைப்பு முழுவதும் அந்தத் தாளில் அடங்கியிருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறவர்களே, எச்சரிக்கையாயிருங்கள். தானாக விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததென்றே கோர்ட் முதலில் அனுமானிக்கும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்படியல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு கையெழுத்துப் போட்டவர்மேல் வருகிறது. கணவன்மாரே, உங்கள் கடனுக்கு மனைவியின் செக்கில் கையெழுத்து வாங்காதிருங்கள். கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரே கோர்ட்டில் நிற்பார். சிநேகிதனுடைய கடனுக்கு உங்கள் செக்கைக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதே. பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் ஏன் அத்தனை தரம் எச்சரிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

கடன் கொடுத்தவரும் கேட்க வேண்டும். பாதிப் பணம் வந்தபின் முழுத்தொகைக்கு அந்தப் பழைய செக்கை வங்கியில் போடுவது அநியாயம். 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் அப்படியே தீர்த்தது. வந்த தொகையைச் செக்கில் குறித்துவிட்டு, மீதிக்குத்தான் போட வேண்டும்.

விசுவாசி விசுவாசிமேல் வழக்குப் போடலாமா?

கொரிந்து சபையார் ஒருவரோடொருவர் வழக்காடினதைப் பவுல் கண்டித்தார். ஆகவே சபைக்குள் பேசித் தீர்ப்பதே முதல் வழி. ஆனால் இங்கே ஒரு ஆபத்து உண்டு. மூப்பர்கள் "பொறுங்க பிரதர், பேசிக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விடுகிறது. நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான். அது போனபின், இழந்தவர் நியாயமும் இழந்து நிற்கிறார். பணம் கொடுக்காதவருக்குச் சபையே அடைக்கலமாகிவிடுகிறது. இது இரக்கம் அல்ல, பட்சபாதம்.

இதற்கு வழி இருக்கிறது. செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மறுபடியும் வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் அதன்பேரில் நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. அந்த மூன்று மாதத்துக்குள் மூப்பர்கள் இருவரையும் உட்கார வைத்து, தவணையை எழுத்தில் வாங்கட்டும். பொறுமைக்கும் எல்லை குறித்து வைத்தால்தான் அது இருவருக்கும் நன்மையாகும்.

கோர்ட்டுக்குப் போனால் சீக்கிரம் முடியும் என்றும் எண்ண வேண்டாம். 2021-ல் சுப்ரீம் கோர்ட் எடுத்துக்காட்டின கணக்கின்படி, தேசத்தில் நிலுவையிலிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள். நூற்றுக்குப் பதினைந்து!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

1. கையெழுத்துப் போடுமுன், "பணம் எங்கிருந்து வரும்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பேனாவை மூடுங்கள்.

2. பதில் நிச்சயமில்லாவிட்டால், அதை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். தெரிந்தும் அவர் வாங்கினால், அது அவர் உங்களுக்குச் செய்கிற தயவு. சொல்லாமல் கொடுத்தால், நீங்கள் அவருக்குச் செய்கிற அநியாயம்.

3. தேதிக்கு முன்பே பணம் வராது என்று தெரிந்தால், ஒளியாதிருங்கள். செக் வங்கிக்குப் போகுமுன் நேரில் போய் நில்லுங்கள். "மன்னிச்சிடுங்க, பணம் சேரல, இவ்வளவு இப்ப தர்றேன்" என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் செக் திரும்பினபின் படுகிற வெட்கத்தைவிட இது சிறிது.

4. நோட்டீஸ் வந்துவிட்டால் வாங்குங்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த 15 நாளை ஜெபத்துக்கு மட்டுமல்ல, நகையையோ வண்டியையோ விற்பதற்கும் பயன்படுத்துங்கள். அந்த விதவை கதவைப் பூட்டி எண்ணெய் வார்த்தாள், பிறகு கதவைத் திறந்து விற்கவும் போனாள்.

5. வழக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். 2018 முதல், வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடாகக் கட்டச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிறீர்களோ அவ்வளவு நல்லது. வழியிலிருக்கும்போதே எதிராளியோடு சீக்கிரம் ஒப்புரவாகும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்ன ஆலோசனை, இந்த வழக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

6. சபையாரே, கடனில் விழுந்த சகோதரனைப் பார்த்து, "விசுவாசம் குறைவு" என்று சொல்லாதிருங்கள். முடிந்தால் பத்துப்பேர் சேர்ந்து கைமாற்றுக் கொடுங்கள். முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போகிற நாளில் கூடப்போய் நில்லுங்கள்.

பிரியமானவர்களே, தேவனை நம்பி நம்முடையதைக் கொடுக்கலாம், நம்முடையதை விற்கலாம், நாம் பட்டினி கிடக்கலாம். பிறனுடைய பணத்தை அவனுக்குத் தெரியாமல் வைத்து விசுவாசத்தைப் பரீட்சை பார்க்க நமக்கு அதிகாரம் இல்லை. கர்த்தர் தருவார் என்பது உண்மை. எந்தத் தேதியில் தருவார் என்பதை அவர் நம் செக் புத்தகத்தில் எழுதிக்கொடுக்கவில்லை.

நாம் கையெழுத்திடுகிற ஒவ்வொரு தாளிலும் உண்மையுள்ளவர்களாய்க் காணப்படக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. கடன் பாரத்தால் கலங்கி நிற்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் வாசலைத் திறப்பாராக. ஆமென்.